மிஷின் சொன்ன விலை

அந்த ஆள் செய்தது மோசடி. எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறானோ தெரியாது, பேரும் தெரியாது, முகமும் தெரியாது. ஆனால் என்னை இந்தப் பெஞ்சில் மூணாவது தடவையாகக் கொண்டுவந்து உட்கார வைத்தது அவன்தான். டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். என் சம்சாரத்தையும் குறை சொல்ல மாட்டேன், அவளைச் சொல்லிவிட்டு அப்புறம் நான் எங்கே போய்ச் சாப்பிடுறது. சர்க்கரை பார்க்கிற மிஷின் வாங்கினால் டப்பாவுக்குள் ஒரு காகிதத்தைப் பதினாறு மடிப்பாக மடித்து வைக்கிறாங்க பாருங்க, அதை எழுதினவன். அவனைத்தான் சொல்றேன்.

நீங்க கண்ணைத் திறக்காதீங்க. சொட்டு விட்டிருக்கு, நாற்பது நிமிஷம் மூடியே இருக்கணும்னு நர்ஸம்மா சொல்லிட்டுப் போனாங்க இல்லையா. காதுக்கு ஒண்ணும் சொட்டு விடலையே. கேளுங்க.

எனக்கு இன்னும் சொட்டுக்கே வழி இல்லீங்க. முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கணும். இருநூறுக்குக் கீழே இருந்தால்தான் ஆபரேஷனுக்குப் பேர் எழுதுவாங்க. பன்னிரண்டு மணிக்கு நோட்டை மூடிடுவாங்க. புதன்கிழமைக் கண் கேம்ப் இன்றைக்கோடு முடியுது, விட்டால் அடுத்தது பங்குனியில். எங்க பக்கம் பெரிய மாட்டுச் சந்தை மாசியில். அதற்குள் எனக்குக் கண்ணு வேணும். புரிஞ்சுதுங்களா.

நான் மாட்டுத் தரகு. ராக்கியண்ணன்னு தாராபுரம் பக்கம் எந்தச் சந்தையில் கேட்டாலும் சொல்லுவாங்க. படிச்சது மூணாங்கிளாஸ். மீதியெல்லாம் சந்தையில் உதை வாங்கிப் படிச்சது. எங்க அப்பன் எனக்கு விட்டுட்டுப் போனது ஒரு சாட்டைக்குச்சியும் நிறையக் கோபமும். குச்சி உடைஞ்சு போச்சு.

தரகனுக்கு ரெண்டு உறுப்புத்தாங்க முக்கியம். ஒண்ணு கண்ணு. மாட்டு வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசு சொல்லணும். இன்னொண்ணு விரல். எங்க தொழிலில் விலையை வாயால் பேச மாட்டோம். கை மேல் துண்டைப் போட்டு, துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். எந்த விரல், எத்தனை தடவை அழுத்தினோம், அதுதான் கணக்கு. சுத்தி நூறு பேர் நின்றாலும் ஒருத்தனுக்கும் தெரியாது.

எனக்கு முதலில் போனது கண்ணு. வலது கண்ணில் புரை விழுந்து ரெண்டு வருஷம் ஆகுது. இடது கண்ணும் அதைப் பார்த்துப் பழகிக்கிட்டிருக்கு. போன ஆடியில் ஒரு காளையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "நாலு பல்லு, நல்ல இளசு" என்றேன். சுத்தி நின்றவன் எல்லாம் சிரிக்கிறான். எட்டுப் பல்லும் முளைச்சுத் தேய்ஞ்ச கிழடு அது. குருசாமின்னு ஒருத்தன், அவனும் தரகுதான், எனக்குப் பிறகு வந்தவன், என்ன சொன்னான் தெரியுங்களா. "ராக்கியண்ணன் பல்லைப் பார்க்கலை, மாடுதான் அண்ணன் பல்லைப் பார்த்துச்சு" என்றான். அன்றிலிருந்து என்னை ஒருத்தரும் மாட்டு வாய்க்குப் பக்கத்தில் விடுறதில்லை. வாலைப் பிடிக்கச் சொல்றாங்க. முப்பத்தெட்டு வருஷத் தொழில், நான் வாலைப் பிடிக்கணுமாம்.

அதனால்தான் கேம்ப்.

கேம்புக்குச் சரியாக ஒரு வாரம் முந்தி எனக்குச் சளி. மழையில் நனைஞ்சது. மெடிக்கல் ஸ்டோர் சபாபதியிடம் போனேன். காய்ச்சலுக்கு ஒரு அட்டை மாத்திரை கொடுத்தார். கூடவே ஆரஞ்சுக் கலரில் ஒண்ணு. "வைட்டமின் சி அண்ணே, ஒரு நாளைக்கு ஒண்ணு வாயில் போட்டுச் சப்புங்க" என்றார். சப்பிப் பார்த்தேன். பரவாயில்லை, புளிப்பும் இனிப்புமாக நல்லாத்தான் இருந்தது. அப்போது மேல் தட்டில் பார்க்கிறேன், இதே மாத்திரை பெரிய டப்பா ஒண்ணு உட்கார்ந்திருக்கு. உள்ளே ஐந்நூறு. "அது என்ன விலை?" என்றேன். "அது வேண்டாம் அண்ணே, இன்னும் ஆறு வாரத்தில் தேதி முடியுது, திருப்பி அனுப்பணும்" என்றார்.

வேண்டாம்னு ஒருத்தன் சொல்லிட்டால் எனக்குக் கை ஊறும். உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ரெண்டு பேர் நின்றாங்க, நின்றால் நிற்கட்டும். கடைசியில் மனுஷன் எழுந்து கும்பிட்டார். "எடுத்துட்டுப் போங்க அண்ணே, நான் சாப்பிடப் போகணும்." ஐந்நூறு மாத்திரை, கொசுறு மாதிரி வந்தது. நீங்க எங்கேயாவது இப்படி வாங்கியிருக்கீங்களா. சும்மா கேட்டேன்.

வாங்கினதை வீணடிக்கிற ஆள் நான் இல்லை. தேதி முடிய ஆறு வாரம். ஐந்நூறு மாத்திரை. மண்ணில் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தேன், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. காலையில் நாலு, மத்தியானம் நாலு, பொழுது சாய நாலு. சளி மூணாம் நாளே ஓடிப் போச்சு. மாத்திரை ஓடுமா. நான் விடலை.

முதல் கேம்ப் வந்தது. இதே மண்டபம், இதே பெஞ்சு. விரலில் குத்துகிற பையன் பேர் இம்மானுவேல், தூத்துக்குடிப் பக்கம். குத்தினான், மிஷினைப் பார்த்தான். "ஐயா, இருநூத்து எண்பத்தேழு இருக்கு" என்றான்.

எனக்குச் சர்க்கரை புதுசில்லை, ஆறு வருஷமாக மாத்திரை போடுறேன், நூத்தறுபது நூத்தெழுபதைத் தாண்டினதில்லை. சரி, எந்த வியாபாரத்திலும் முதலில் சொல்றது சொல்லு விலைதானே. முதல் விலைக்கு எவனாவது மாடு பிடிப்பானா. "தம்பி, முடிவா ஒரு எண்ணிக்கை சொல்லுங்க" என்று அடுத்த விரலை நீட்டினேன். இருநூத்துத் தொண்ணூத்தொண்ணு. ஏத்துறான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் வியாபாரத்தில் கோபத்தைக் காட்டக் கூடாது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் கை மேல் போட்டேன். உள்ளே கையை விட்டு ஆள்காட்டி விரலைப் பிடித்து, நூத்துத் தொண்ணூறுன்னு எங்க முறைப்படி அழுத்தினேன்.

"ஐயா, என்ன செய்யுதிய? விடுங்க ஐயா" என்று கையை உருவிக்கொண்டான்.

கையை உருவினால் பேரம் முறிஞ்சதுன்னு அர்த்தம். தூத்துக்குடிக்காரனுக்கும் முறை தெரிஞ்சிருக்கேன்னு உள்ளுக்குள் ஒரு மரியாதை வந்தது. எழுந்து வந்துட்டேன்.

வீட்டில் பாவாயி, அதான் என் சம்சாரம், வாசலிலேயே நிற்கிறா.

"எத்தனை?"

"ஏதோ கொஞ்சம் கூட."

"எத்தனைன்னு கேட்டனுங்க."

சொன்னேன். அவள் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தா. "ஆரஞ்சு மிட்டாய் வாசம் அடிக்குது. வாயைத் திறங்க."

"நான் என்ன மாடா?"

"மாடா இருந்தா பொய் சொல்லாது. திறங்க."

திறந்தேன். நாக்கு ஆரஞ்சு. "இது மருந்து" என்கிறேன். "மருந்து கசக்கும்" என்கிறா. அன்றைக்கே வெல்ல டப்பா பூட்டுக்குள் போச்சு. பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்காரனிடம் போய், "இவருக்குச் சக்கரை போட்டு டீ குடுத்தீன்னா உன் கடை வாசல்ல வந்து உக்காந்துக்குவேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கா. அவனும் பயந்து வெறும் டீ கொடுக்கிறான். வெறும் டீயை எப்படிக் குடிக்கிறது. வாயில் ரெண்டு ஆரஞ்சு மாத்திரையை அடக்கிக்கொண்டு குடிப்பேன். நல்லாத்தான் இருக்கும்.

சத்தியமாகச் சொல்றேன், நான் இனிப்புத் தொடலை. களி தின்றேன், கீரை தின்றேன். கருப்பட்டிக் காப்பி மட்டும் ரெண்டு வேளை. கருப்பட்டி பனையில் வருது, சர்க்கரை கரும்பில் வருது, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க. கண்ணைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுங்க, போதும்.

மகள் திருப்பூரிலிருந்து ஒரு மிஷின் வாங்கி அனுப்பினா. கேம்பில் இருக்கிறதே, அதே ஜாதி மிஷின். காலையில் எழுந்ததும் குத்துவேன். முந்நூத்து நாலுங்கும். சரி, இது சொல்லு விலை. அடுத்த விரல். முந்நூத்தொண்ணு. இறங்குது பாருங்க. அடுத்தது. முந்நூத்துப் பத்து. அட உன்னை. இப்படிப் பத்து விரலையும் காட்டி எது குறைச்சலோ அதைப் பாவாயியிடம் சொல்லுவேன். அவள் அதையும் நம்ப மாட்டா. "இன்னொரு தடவை என் கண்ணு முன்னால" என்பா. ஒரு வாரத்தில் பத்து விரலும் சல்லடை. சோத்தில் கை வைத்தால் ரசம் பட்டு எரியும்.

வலிக்கு என்ன பண்றது. சபாபதி கொடுத்த காய்ச்சல் மாத்திரை அட்டை பாக்கி இருந்தது. அதைப் போட்டேன். காலையில் ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, வலி கூடினால் இன்னொண்ணு. அட்டை தீர்ந்ததும் இன்னொரு அட்டை. இங்கேதான் கவனிங்க. வலிக்கு மாத்திரை போடப் போட மிஷின் ஏறுது. மிஷின் ஏற ஏறப் பாவாயி குத்தச் சொல்றா. குத்தக் குத்த வலிக்குது. வலித்தால் மாத்திரை. செக்கு மாடு சுத்துற மாதிரி நான் சுத்துறேன். எது எதை இழுக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும். தெரிஞ்ச ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து எழுதிவிட்டு வாயை மூடிக்கிட்டான்.

அந்த வாரச் சந்தையில் ஒரு ஜோடிக் காளை, பொங்கியண்ணன்னு எங்க ஊர்க்காரருடையது, நான் பேசிவிடுறதாகச் சொல்லியிருந்தேன். வாங்க வந்த ஆளுக்குக் குருசாமி தரகு. துண்டைப் போட்டான். என் விரலைப் பிடித்தான். காலையில்தான் குத்தின விரல். ஒரே அழுத்து. எனக்கு உயிர் போச்சு. உள்ளே கை தானாக மடங்கிப் போச்சு. எங்க முறையில் கையை மடக்கினால் "சரி, முடிஞ்சது"ன்னு அர்த்தம்.

குருசாமி துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டு எழுந்தே போயிட்டான். என்ன விலைக்கு முடிஞ்சதுன்னு கேட்காதீங்க. பொங்கியண்ணன் இன்னும் என்னிடம் பேசுறதில்லை. அந்த ரெண்டு காளையும் போகும்போது திரும்பி என்னைப் பார்த்த பார்வை, அது கண்ணு தெரியாத எனக்கே தெரிஞ்சுது.

ரெண்டாவது கேம்ப் போன புதன்கிழமை. இம்மானுவேல் என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "தம்பி, பயப்படாதீங்க, துண்டே கொண்டு வரலை" என்றேன். குத்தினான். முந்நூத்துப் பன்னிரண்டு. எனக்கு அழுகையே வந்துடும் போல இருந்தது, ஆனால் எங்க வம்சத்தில் அழுகிற பழக்கம் இல்லை, கத்துற பழக்கம்தான். கத்தினேன். களி தின்றதைச் சொன்னேன், கீரை தின்றதைச் சொன்னேன், பேக்கரிக்காரனைச் சொன்னேன். அந்தப் பையன் பொறுமையாக நின்று கேட்டான். எனக்கே பாவமாகப் போச்சு. சட்டைப் பையிலிருந்து ஒரு ஆரஞ்சு மாத்திரையை எடுத்து நீட்டினேன். "இந்தாங்க தம்பி, வாய்க்கு நல்லா இருக்கும்."

அவன் வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். "இது யாருக்கு ஐயா?"

"எனக்குத்தான்."

"நாளைக்கு எத்தனை சாப்புடுதிய?"

"பன்னிரண்டு."

"எத்தனை?"

"பன்னிரண்டு தம்பி. தேதி முடியுது."

பையன் ஸ்டூலில் உட்கார்ந்துட்டான். "நீங்க என்ன மாத்திரை எடுக்குறியன்னு போன தடவை கேட்டேனே, சுகர் மாத்திரை மட்டும்னு சொன்னியளே."

"இது சப்புறது. மாத்திரைன்னா முழுங்குறதுதானே."

"வேற ஏதாவது முழுங்குறியளா?"

விரல் வலிக்குக் காய்ச்சல் மாத்திரை போடுறதைச் சொன்னேன். அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான். அப்புறம் மிஷின் டப்பாவைத் திறந்து, அந்தக் காகிதத்தை எடுத்து, விரிச்சான், விரிச்சான், விரிச்சுக்கிட்டே இருந்தான். ஒரு ஆள் படுக்கலாம், அத்தனை பெரிய காகிதம். அதில் எறும்பு முட்டை மாதிரி எழுத்து. இருபது பாஷை. தமிழ் கடைசியில், மடிப்புக்குள்ளே. பையனுக்கு இருபத்தைந்து வயசு, அவனுக்கே தெரியலை. போனில் படம் எடுத்து, ரெண்டு விரலால் இழுத்துப் பெரிசாக்கிப் படித்தான். "வைட்டமின் சி, பாராசிட்டமால் ஆகியவற்றை அதிக அளவில் எடுத்துக்கொண்டால் இக்கருவி சர்க்கரையின் அளவை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்."

பாராசிட்டமால்னா எதுங்க என்று கேட்டேன். அந்தக் காய்ச்சல் மாத்திரைதானாம்.

எப்படி இருக்கும் எனக்கு, சொல்லுங்க. அதைப் படிக்கணும்னா எனக்குக் கண்ணு வேணும். கண்ணு வேணும்னா ஆபரேஷன். ஆபரேஷன்னா மிஷின் ஒழுங்காச் சொல்லணும். மிஷின் ஒழுங்காச் சொல்லணும்னா அதைப் படிச்சிருக்கணும். கண்ணு வெளுத்தவன் வீட்டுக்கு அனுப்புற சாமானில் கடுகைவிடச் சின்ன எழுத்தில் எழுதுறவன் மனுஷனா. சர்க்கரைக்காரனுக்குத்தானே கண்ணு முதலில் போகும். வேற யாருக்கு விக்கிறான் இந்த மிஷினை.

பையன் நல்ல பையன். முழங்கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினான். ரிசல்ட் சாயங்காலம் வந்தது, நூத்து ஐம்பத்தெட்டு. கேட்டீங்களா, நூத்து ஐம்பத்தெட்டு. முந்நூறும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. ஆனால் பன்னிரண்டு மணிக்கே நோட்டை மூடிட்டாங்க.

டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனான். அவங்க, "ரெண்டையும் ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க ஐயா, மிஷின் சரியாகச் சொல்லும், அடுத்த புதன் எழுதிக்கலாம்" என்றாங்க.

காய்ச்சல் மாத்திரையை அங்கேயே தூக்கிப் போட்டுட்டேன். கசப்புச் சனியன். ஆனால் டப்பாவில் இன்னும் நூத்தறுபது கிடக்குது.

"எட்டுன்னு வெச்சுக்கலாமுங்களா அம்மா?" என்றேன்.

"ஒண்ணுகூட வேண்டாம்."

"ஆறு. உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

"அடுத்த ஆள் வாங்க" என்றாங்க.

"கடைசியா நாலு" என்றேன். அவங்க ஒண்ணும் சொல்லலை. அடுத்த ஆளின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துக்கொண்டிருந்தாங்க. நாங்க முப்பத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறோம், கடைசி விலை சொன்ன பிறகு எதிராளி வாயைத் திறக்கலைன்னா பேரம் முடிஞ்சதுன்னுதான் பேர். பெரிய மனசு அந்தம்மாவுக்கு. பன்னிரண்டை நாலாக்கிட்டாங்களே.

அன்றிலிருந்து நாலுதான். அதுக்கு மேல ஒண்ணுகூடத் தொடலை. பாவாயி பூட்டி வைத்து எண்ணிக் கொடுக்கிறா, டாக்டரம்மா நாலுன்னு சொன்னதாக நான் சொன்னதால்தான் கொடுக்கிறா. இன்றைக்கு நாலையும் காலையிலேயே சப்பி முடிச்சுட்டேன், டெஸ்ட் அவசரத்தில் மறந்துடக் கூடாது பாருங்க.

இதோ வர்றான் பையன். இருங்க, பேச்சை விட்டுடாதீங்க. வாங்க தம்பி, இந்த விரல் புதுசு, அஞ்சு நாளாக யாரும் தொடலை. குத்துங்க.

எத்தனை?

என்ன தம்பி, சத்தமாகச் சொல்லுங்க, பக்கத்தில் அண்ணனும் கேட்டுக்கிட்டிருக்கார்.

இருநூத்துப் பதினாலா.

பதினாலுதானே தம்பி. இருநூறுக்கும் இருநூத்துப் பதினாலுக்கும் நடுவில் என்ன இருக்கு. முந்நூத்துப் பன்னிரண்டிலிருந்து இறங்கி வந்திருக்கேன், நீங்க ஒரு பதினாலு ஏறி வரக் கூடாதா. நிறுத்தினீங்களான்னு கேட்கிறீங்களே, நாலுன்னு டாக்டரம்மா கூடப் பேசி முடிச்சதுதானே. நீங்க பக்கத்தில்தானே நின்றீங்க. அவங்க ஒண்ணும் சொல்லலையே. இல்லை, எங்கே போறீங்க, சிரிக்காதீங்க, தலையில் எதுக்கு அடிச்சுக்கிறீங்க. கையில் ஊசி போட்டு எடுங்க, இந்தாங்க முழங்கை. என்ன? லேப் ரிசல்ட் மூணு மணிக்கா. நோட்டை மூடுறது பன்னிரண்டுக்கா. இப்போ மணி என்ன. பதினொண்ணரையா.

டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு வர்றானாம். போறான்.

பாருங்க, அவனும் அந்தக் காகிதத்தையேதான் காட்டிவிட்டுப் போறான். அதிக அளவுன்னு போட்டிருக்கே ஐயா என்கிறான். சரி, பன்னிரண்டு அதிகம்தான், நான் இல்லைன்னு சொன்னேனா. நாலு அதிகமா? எங்கே எழுதியிருக்கு? அதிகம்னா எத்தனை? சந்தையில் வந்து ஒருத்தன் "மாடு அதிக விலை"ன்னு மட்டும் சொல்லிவிட்டு விலை சொல்லாமல் போனால் சட்டையைப் பிடிச்சு நிறுத்த மாட்டோமா.

நான் யாரிடமும் கெஞ்சுற ஆள் இல்லை. பையனிடம் கெஞ்ச மாட்டேன், டாக்டரம்மாவிடம் கெஞ்ச மாட்டேன். அந்தக் காகிதத்தை எழுதினவன் இங்கே வரணும். இன்னும் அரை மணி நேரம் இருக்கு. கார் எடுத்துக்கிட்டு வருவானோ, பறந்து வருவானோ, எனக்குத் தெரியாது. வந்து இந்த மண்டபத்தில் எல்லார் முன்னாலயும் நின்று, தப்பு ராக்கியண்ணன் மேல் இல்லை, என் எழுத்து மேல்தான்னு சொல்லணும். பாவாயியிடம் தனியாக ஒரு தடவை சொல்லணும். அப்புறம் அதிகம்னா எத்தனைன்னு, என் வெள்ளைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, சுவர் விளம்பரம் எழுதுற அளவு எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டுவிட்டு, நோட்டு மூடுறதுக்குள்ளே என் பேரை அவன் கையாலேயே அதில் எழுதிவிட்டுப் போகட்டும்.